தவளைக் கார்ட் வைத்திருந்தவன்

"...வெறும் சேத்து மடுதானே மச்சான், இதுக்குப் போய் ஏன் உனக்கு இவ்வளவு கோவம்?" என்றான் கோகுலன். கலியாண மண்டபம் கட்டப் போகிறானாம். வாவிக்கரையில் நாங்கள் விளையாடித் திரிந்த மடு பாதிக்கு மேல் சிவப்புக் கிரவல் மண்ணாகிக் கிடக்க, மிச்சத்தையும் மூட டிப்பர் வந்து நின்றது.

பைக்குள் இருந்த பழைய கார்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். டொபி பக்கெற்றுக்குள் வந்தது. வயிற்றில் சுழியும் பெரிய கைமுட்டிகளுமாக நிற்கிற நீலத் தவளை, ஜப்பான் விளையாட்டொன்றின் சண்டைக்காரன். கண்ணா மரத்து வேர் காலைக் கீற, கரைச் சேறு முழங்கால்வரை இழுக்க, பின்னேரமெல்லாம் கார்டும் கையுமாக இந்த மடுவைச் சுற்றி நாங்கள் அடிபட்டு விளையாடியபோது, நெருப்புப் பல்லிக் கார்ட் வைத்திருப்பவன் தண்ணீரில் கால் பட்டாலே தோற்றான், தவளை வைத்திருப்பவன் மட்டும்தான் இறங்கலாம் என்று சட்டம் போட்டவனே இவன்தான். தவளையும் இவனிடம்தான் இருந்தது. எங்களை ஒருநாளும் இறங்க விடவில்லை, பாவி. கொழும்புக்குப் படிக்கப் போகும்போதுதான், "இனி மடு உன்ட பொறுப்பு, கவனமாப் பாத்துக்க" என்று அதை என்னிடம் தந்தான். அந்த ஒரு சொல்லுக்காக இத்தனை வருசம் குப்பை கொட்ட வந்தவனோடெல்லாம் சண்டை பிடித்தவன் நான்.

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னும் வெச்சிருக்கியா?" என்று சிரித்தான். பிறகு அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொட்டச் சொல்லி டிரைவருக்குக் கையைக் காட்டினான்.