பிளாஸ்திரி சுற்றிய கம்பிகள்

அப்பா இறந்து சில வாரங்களில் கே.கே. நகர் வீட்டுத் தொலைபேசி செத்துப்போனது. புகார் சொல்லியும் ஆள் வரவில்லை. எரிச்சலில் நானே சிம்மக்கல் கடைத்தெருவுக்குப் போய் டெலிபோன் வயரும், சுவரில் பொருத்தும் சின்ன இணைப்புப் பெட்டியும் வாங்கி வந்தேன்.

"இப்ப எதுக்குடா அது?" என்றாள் அம்மா. நான் காதில் வாங்கவில்லை. பழைய பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வயரை வெட்டினேன். புதியதை மாட்டி ரிசீவரை எடுத்தபோது டயல் டோன் கேட்டது. பெருமையாகத் திரும்பினேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போயிருந்தாள்.

குப்பையில் போட எடுத்தபோது பழைய பெட்டியின் மூடி கழன்றது. உள்ளே இரண்டு கம்பிகளும் திருகாணியிலிருந்து எடுக்கப்பட்டு, நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அப்பாவின் கைப்புண்ணுக்கு அம்மா ஒட்டிவந்த அதே பிளாஸ்திரி.

"நாந்தான் கழட்டுனேன்," என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்தே. "நம்ம ஊரு கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆளுக இங்க ஆஸ்பத்திரிக்கு வரணும்னா ஒங்கப்பாவத்தான கூப்புடுவாக. 'அண்ணே இருக்காரா'ன்னு கேக்குறாக. எம்புட்டுப் பேருக்குத்தான் சொல்றது?"

சாயங்காலம் மணி அடித்தது. அம்மா நகரவில்லை.

"நீதான மாட்டுன. நீயே சொல்லு."

எடுத்து "ஹலோ" என்றேன். என் குரல் அப்படியே அப்பாவின் குரல் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"அண்ணே, நல்லா இருக்கீகளா?" என்றார் மறுமுனையில் ஒருவர், சந்தோஷமாக. "நாளைக்கு வாரேன்."