சுண்டெலி ஏறிய கயிறு

என் வீட்டுக்காரருக்கு வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது என்று இந்தத் தெருவே சொல்கிறது. கூட இருந்து குப்பை கொட்டுகிறவள் நான், என்னைக் கேளுங்கள். கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்கிறார். சாவியைத் தொலைத்தவர்கள் வந்து நின்று ஊர்க்கதை பேசுவார்கள், இவர் அரத்தால் ராவிக்கொண்டே "ம்" போடுவார். வீட்டில் அந்த "ம்" கூடக் கிடையாது. ஊமைக்கோட்டான்.

கீழ்வீட்டில் நாங்கள், மாடியில் இவருடைய அண்ணன் குடும்பம். வீடு அண்ணன் பெயரில். அவர் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கல்யாண உடுப்புத் தைக்கிறவள். தண்ணீர்த் தொட்டிக்காக எங்களுக்குள் மூண்ட சண்டைக்குப் பிறகு, மாடிக்கு ஏறும் உள்படிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று இவரிடம் சொல்லிவிட்டேன். அவளும் தன் புருஷனிடம் அதையே சொன்னாளாம். அந்த ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் ஒற்றுமை.

நான் பிஸ்கட் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். அந்த அடுப்பு போனால் எனக்குப் பிழைப்பே இல்லை. அப்படியிருக்க, மாடியில் ஒரு மணப்பெண்ணின் உடுப்பைச் சுண்டெலி கடித்துவிட்டது. ஓரகத்தி பால்கனியில் நின்று தெரு கேட்கக் கத்தினாள். என் மாவுக்கு வந்த எலிதான் மேலே ஏறுகிறதாம். இன்னொரு துணியில் பல் பட்டால் என் அடுப்பு நடுத்தெருவுக்குப் போகுமாம்.

நான் மட்டும் சும்மா விடுவேனா? பின்சுவர் முழுக்க வழவழ டைல்ஸ், குழாயோ பிளாஸ்டிக், உள்படிக் கதவின் அடியில் தகடு. எலிக்கு இறக்கையா முளைத்திருக்கிறது, உன் வெட்டுத்துணி மூட்டையில்தான் குட்டி போட்டிருக்கும், போய்ப் பார் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் காய்ந்த துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். குழாய்க்குப் பின்னால் ஒரு நார்க்கயிறு தொங்கியது. எங்கள் சாமான் அறை ஜன்னலிலிருந்து நேரே மாடி ஜன்னலுக்கு. அதில் ஒரு சுண்டெலி ஏறிக்கொண்டிருந்தது. முன்கால்களால் நாரைப் பற்றி, வாலைக் கயிற்றோடு ஒட்டி, நடுவில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு மளமளவென்று ஏறி மாடி ஜன்னலுக்குள் போய்விட்டது.

கயிற்றின் அடியில் ஒரு துணிப்பை. கையை விட்டேன். காலைப் பேப்பர் இருந்தது, பையின் மூலையெல்லாம் என் பிஸ்கட் தூள். உடைந்த பிஸ்கட் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் கடைக்குக் கொண்டுபோனேன் என்றாரே இந்த மனுஷர்! அண்ணனுக்குப் பிஸ்கட் மேலே போகிறது, அண்ணன் படித்த பேப்பர் கீழே வருகிறது, வாசனை பிடித்து எலி போகிறது. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. வெளியே சொன்னால் அவள் சொன்னதுதான் நிஜம் என்றாகிவிடும், அடுப்பும் போய்விடும். நாற்காலி போட்டு ஏறி, எட்டிய உயரத்தில் கயிற்றை அறுத்தேன். பையோடு சேர்த்து அடுப்பில் போட்டேன்.

கடையிலிருந்து வந்தவர் நேரே சாமான் அறைக்குப் போனார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"கயித்த அறுத்தியா?"

"ஆமா. அதுலதான் எலி ஏறுது. என் அடுப்பு போனா உங்களுக்குப் பரவாயில்லையா?"

"அடுப்பு இருக்கட்டும்" என்றார். "நான் படியிலயே போறேன்."

ஒரு டப்பாவை எடுத்து, கடைக்கு வைத்திருந்த முழு பிஸ்கட்டாகப் பார்த்து நிரப்பினார். உள்படிக் கதவுக்குப் போனார். சாவி என் இடுப்பில் இருந்தது. அவர் என்னிடம் கேட்கவேயில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்துச் சாவித்துவாரத்தில் விட்டார், பூட்டு திறந்துகொண்டது. நினைத்திருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் திறந்திருக்கலாம்.

மேலே ஓரகத்தி ஏதோ கத்தினாள், பிறகு ஓய்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் தம்பியும் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்னோடு குடித்தனம் நடத்திய இத்தனை காலத்தில் அந்த மனுஷர் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை.