கிளெனிஸ் ஊட்டிய செல்கள்

பிரிஸ்பேன் ஆய்வகத்தில் என் பக்கத்து மேசைக்காரி கிளெனிஸ். அவள் கண் முன்னால் யாரும் பசியோடு இருந்துவிட முடியாது. காலைத் தேநீர் வேளையில் அவளுடைய லாமிங்டன் கேக்குக்குத் தப்பியவர் எவருமில்லை. புருஷனைப் பிரிந்து பெர்த்தில் தனியாக இருக்கும் மகள் டார்சியிடமும் தினமும் அதே கேள்விதான்: "சாப்டியா?" "ஆச்சும்மா." அத்தோடு போன் வைக்கப்படும்.

அவள் வேலையும் ஊட்டுவதுதான். குடுவையில் வளரும் மனித செல்களுக்கு ஊட்டுவாள்.

அப்போது அவள் வளர்த்தது மெரிடித் என்ற சிறுமியின் தோல் செல்களை. அவற்றுக்குள் சர்க்கரை சரியாக நுழையாது. அதனால் பிள்ளைக்கு ஓயாத வலிப்பு. ஒரு புது மருந்தை அந்தச் செல்களில் சோதிக்க இருந்தோம். முன்பே உறையவைத்து எடுத்துவைத்திருந்த செல்கள் பிழைக்கவில்லை. மிச்சம் ஒரே குடுவை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உணர்விப் புரதம் ஒன்றை வைத்திருந்தோம். உள்ளே சர்க்கரை கூடினால் அதன் ஒளி கூடும்.

ஒளி மங்கத் தொடங்கியது. பசிதான் என்று கிளெனிஸ் பதறிப்போய் ஊட்டநீரில் சர்க்கரையைக் கூட்டினாள். மேலும் மங்கியது. மேலும் கூட்டினாள். புத்திசாலி நானும் பக்கத்தில் நின்று "போடு, போடு" என்றேன். குடுவை செத்துவிட்டது, எறியுங்கள் என்றார் ஆய்வகத் தலைவர் டக்ளஸ்.

"இன்னிக்கு ஒரு நாள் விடு, டக். அந்தக் கொழந்தைக்கு வேற குடுவ இல்ல" என்று கெஞ்சினாள் கிளெனிஸ்.

வழக்கமான ஊட்டநீரில் சிவப்புச் சாயம் இருக்கும். நீர் புளித்தால் மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்கும். உணர்வியின் ஒளிக்கு இடைஞ்சல் என்று நாங்கள்தான் சாயமில்லாத நீரை ஊற்றியிருந்தோம். கிளெனிஸ் அதில் கொஞ்சம் எடுத்து, அந்தச் சாயத்தைச் சொட்டிப் பார்த்தாள். பளிச்சென்று மஞ்சளானது. நெருக்கியடித்து வளர்ந்த செல்கள், கூடுதலாக ஊட்டியதில் உள்ளே நுழைந்த சர்க்கரையையெல்லாம் அமிலமாக்கி வெளியே தள்ளியிருந்தன. புளிப்பில் உணர்வி மங்கும். அந்த மங்கலைத்தான் பசி என்று தப்பாக நினைத்திருக்கிறோம்.

"பசின்னு நெனச்சு ஊட்டி ஊட்டியே மூச்சு முட்ட வச்சுட்டேனே" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

செல்களைப் பல குடுவைகளில் பிரித்துவிட்டு, புது நீரில் அளவான சர்க்கரையோடு வைத்தாள். மறுநாள் காலை ஒளி மெல்ல ஏறியிருந்தது. டக்ளஸ் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, மருந்தைத் தயார் செய்யச் சொன்னார்.

அன்று தேநீர் வேளையில் கிளெனிஸ் மகளுக்குப் போன் போட்டாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"டார்சி, உனக்கு என்னடி பண்ணுது?"

மறுமுனையில் அழுகை கேட்டது. கிளெனிஸ் போனை வைக்கவேயில்லை. கேக்கை நாங்களே எடுத்துச் சாப்பிட்டோம்.