சித்தியின் தாடையில் என் கால்

நான் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கு விட்டுவிடும் என்பது எங்கள் மீன்காரக் குடும்பங்களின் நம்பிக்கை. அதனால் தாம்பரம் சந்தையில் எனக்கு ஏக மரியாதை. கூடை சுமந்து இடுப்புப் பிடித்த பெண்கள் குப்புறப் படுப்பார்கள், நான் ஏறி மிதிப்பேன். கூலி தேன்மிட்டாய். இப்போது வருகிற தேன்மிட்டாயில் பாகே இல்லை, அது வேறு கதை.

சந்தையிலேயே பெரிய குரல் என் சித்திக்கு. அவள் கூவினால் ரயிலுக்குப் போகிறவர்கள்கூடத் திரும்பி வருவார்கள். கொட்டாவி விட்டால் அவள் தாடையில் டக்கென்று சத்தம் கேட்கும். அதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் அந்தச் சத்தம் நின்றது. வாயும் திறக்கவில்லை. காதடியில் வீக்கம், கஞ்சிகூட உறிஞ்சித்தான் இறங்கியது.

"இன்னாடி, வாய்க்குப் பூட்டு போட்டுகினியா? இனிமேதான் என் மீனு விக்கும்" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

சித்தி என் அம்மாவிடம் பல்லிடுக்கால் பேசினாள். "உள்ள ஈறு வலிக்குதுக்கா. பொகையில அடக்கியும் கேக்கல. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"கொட்டாவி வுட்டு சுளுக்கிகினு கீது" என்றாள் அம்மா. "வூட்லயே வைத்தியக்காரிய வச்சிகினு ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலைக் கழுவி எண்ணெய் தடவிக்கொண்டேன். சித்தி ஒருக்களித்துப் படுத்தாள். பாதத்துக்கடியில் அவள் தாடை அடுப்புக்கல்லாகச் சுட்டது. கண்ணீர் வழிந்து பாயை நனைத்தது.

"வலிச்சா சுளுக்கு வுடுதுன்னு அர்த்தம். நல்லா நீவு" என்றாள் அம்மா.

நீவினேன். கடைவாயில் நாற்றமாக ஏதோ வழிந்தது. கெட்ட நீர் இறங்குகிறது என்று துடைத்தாள் அம்மா.

மறுநாள் வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சு இழுத்தது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி.

"சுளுக்கு இல்லம்மா. கடைசிப் பல்லுகிட்ட ஈறு சீழ் பிடிச்சிருக்கு, அதான் தாடை பூட்டிக்கிச்சு" என்றார் டாக்டர். "இப்ப கழுத்து வரைக்கும் பரவிடுச்சு. முன்னாடியே வந்திருக்கலாமே." சித்தி வீடு திரும்பவில்லை.

பிறகு சந்தையில் யாரும் எனக்காகக் குப்புறப் படுக்கவில்லை. நான் வளர்ந்து கனத்துவிட்டேன் போலும் என்று நினைத்து, கொஞ்ச நாள் சோற்றைக் குறைத்துத் தின்றேன்.