இருநூற்றுப் பதினைந்தாவது வரி

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் புக்கிட் செந்தோசாவுக்குப் போய் சந்திரிகாவின் இடது முன்கையைப் பார்க்கலாம். பதினொரு தையல்.

சந்திரிகா வெப்சைட் செய்பவள். போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கணவன் தனேஷோடு அசாம் ஜாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தாள். அந்தத் தோட்டத்தின் விபத்துப் பதிவேட்டை, தொழிலாளர்களின் வாரிசுகள் பார்க்கும்படி இணையத்தில் போட வேண்டும். தோட்டத்துக் கோயில் செயலாளர் புனிதன் 214 பதிவுகளைத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். தேதி, நேரம், பெயர், காயம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவற்றைப் பிரித்து, கட்டம் போட்டுத் திரையில் காட்டுவது அவள் வேலை. ஆபீசைப் படம் எடுத்தவள், அங்கேயே மேசையில் உட்கார்ந்து வேலையை முடிக்கப் பார்த்தாள்.

மணி 3.11. பக்கம் திறந்தது. கட்டங்கள் வரிசையாக நின்றன.

கடைசியில் ஒரு வரி அதிகமாக இருந்தது. 215. பெயர் இல்லை. அன்றைய தேதி. நேரம் 3.12. காயம்: இடது முன்கை.

"ஏங்க, இத நீங்க அடிச்சீங்களா?"

"நான் கிட்டயே வரலயே லா."

கோப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தாள். 214தான். பக்கத்தை மறுபடி ஏற்றினாள். 215...

விஷ்க்.

காற்றைக் கிழிக்கும் சத்தம். அவள் முன்கை பிளந்துகொண்டது. இரத்தம் திரையில் தெறித்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

தனேஷ் சட்டையைக் கழற்றி அவள் கையில் சுற்றினான். அவன் தோளுக்கு மேலாக அவள் திரையைப் பார்த்தாள்.

216. நேரம் 3.14. வலது தோள்.

"தள்ளிப் போங்க..."

விஷ்க். தனேஷ் சுவரில் போய் மோதி விழுந்தான். தோளில் எலும்பு தெரிந்தது.

வலது கையால் கதவை இழுத்தாள். அசையவில்லை. திரும்பி வந்து, வரிகளைக் காட்டும் கட்டளையை அழித்தாள். கட்டங்கள் மறைந்தன. திரை வெறுமையானது.

வெறும் திரையில் எழுத்து வந்தது.

217. நேரம் 3.17. கழுத்து.

மணி 3.16.

மடிக்கணினியைத் தூக்கி ஜன்னலில் எறிந்தாள். கண்ணாடி நொறுங்கியது. தனேஷின் காலைப் பிடித்து இழுத்தாள்.

விஷ்க்.

அவன் கழுத்து இருந்த இடத்தில் சுவர் பிளந்தது. சுண்ணாம்பு கொட்டியது.

எப்படி வெளியே குதித்தார்கள் என்பது இருவருக்கும் நினைவில்லை.

பாராங் கத்தியால் வெட்டிய காயம் என்றார் டாக்டர். போலீஸ் முதலில் தனேஷைத்தான் சந்தேகப்பட்டது. ஆயுதம் கிடைக்கவில்லை. தன் தோளைத் தானே பின்னாலிருந்து அப்படி வெட்டிக்கொள்ளவும் முடியாது.

நான்காம் நாள் புனிதன் பதிவேட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கடைசி ரெண்டு தாளும் ஒட்டியிருந்துச்சு. வெத்துத் தாளுன்னு விட்டுட்டேன். நேத்துதான் பிரிச்சேன்."

1971. லெட்சுமி, பால்மரம் சீவுபவள். 3.12, இடது முன்கை. 3.14, வலது தோள். 3.17, கழுத்து. எல்லாம் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணியின் கையெழுத்து.

"வெட்டுறப்ப பக்கத்துல நின்னு எழுதினாரா?" என்றாள் சந்திரிகா.

புனிதன் தாளை அவள் பக்கம் திருப்பினார். விரலால் வரிகளைக் காட்டினார்.

முதல் வரி சுத்தமாக இருந்தது. இரண்டாவது வரியின் ஓரத்தில் காய்ந்த இரத்தத்தின் பழுப்பில் ஒரு விரல் ரேகை. மூன்றாவது வரியில் முழு உள்ளங்கையும் பதிந்திருந்தது. எழுதிய கைதான் வெட்டிய கை.