நகம் பட்ட பூசணிக்காய்

கடையில் ஒரு காயை எடுத்துப் பார்த்து, பிடிக்காமல் திரும்ப வைத்துவிட்டு வருகிறோமே, அந்தக் காய் அப்புறம் என்ன ஆகிறது? என் பெரியம்மாவிடம் ஒருத்தி இப்படிக் கேட்டாள் என்று வீட்டில் சொன்னபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பெரியம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு அந்த அவமானம் வந்திருக்காது.

பெரியம்மா தையல்காரி. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில், ஒரு மிஷினும் வெட்டு மேசையும் போட்டாலே நிறைந்துவிடுகிற அறையில் உட்கார்ந்து பல வருஷங்கள் பள்ளிச் சீருடை தைத்தாள். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நீளமாக விட்டிருந்தாள். மடிப்பை அழுத்துவதும், தப்பாகப் போன தையலைக் கிளப்புவதும் அந்த நகம்தான். அது மாட்டுக் கொம்பு மாதிரி கெட்டியாகியிருந்தது.

அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. பூசணிக்காய் வாங்கப் போனால் பெரியம்மா முதலில் காயைக் கையில் தூக்கிப் பார்ப்பாள். பிறகு தோலில் ஒரு கீறு கீறுவாள். கீறிய இடத்தில் பிசின் மணிமணியாகத் துளிர்த்தால் நல்ல காய், தண்ணீராகக் கசிந்தால் சப்பென்று இருக்கும் என்பது அவள் கணக்கு. ஒன்றை எடுக்க ஐந்தாறைக் கீறுவாள். எடுத்த காய் அன்றைக்கே அடுப்பேறிவிடும். ஒருநாளும் மோசம் போனதில்லை. தெருவில் அவளுக்குப் ‘பூசணி டாக்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, எதிர்வீட்டு மருமகள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கீறிப் பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தாள்.

“உன் நகத்துக்குத் தனியா சம்பளம் கேக்கணும்டி” என்று பெரியப்பா கேலி செய்வார்.

கேலி பலித்துவிட்டது. கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன வருஷம், ஆஸ்பத்திரிச் சமையலறைக்குக் காய்கறி வாங்கிப்போட ஆள் தேடினார்கள். தெருவில் யாரோ பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல, மேலாளரே கூப்பிட்டு அனுப்பினார். மழைக்காலம் முடியும்வரை பார்ப்போம், சரியாக வந்தால் நிரந்தரம் என்றார். பெரியப்பாவுக்கு முட்டி வலி, வேலைக்குப் போய் நாளாகிவிட்டது. வீட்டில் உலை கொதிக்க அந்த வேலையை விட்டால் வேறு வழியில்லை.

மழை வந்தால் லாரிகள் ஒழுங்காக வராது, கெடாமல் கிடக்கிற காயாக வாங்கி அடுக்குங்கள் என்று மேலாளர் சொன்னதும் பெரியம்மா நேரே தன் வாடிக்கைக் கடைக்குப் போனாள். கடைக்காரி அவளைவிடச் சின்னவள், அதிகம் பேசாதவள். ஒரு வண்டிப் பூசணி அப்போதுதான் இறங்கியிருந்தது. நானே பொறுக்கிக்கொள்கிறேன் என்றாள் பெரியம்மா. கடைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கிவிட்டாள். பெரியம்மா சாக்கை விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு காயாகக் கீறிக் கீறி எடுத்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரிக் கிடங்கிலிருந்து வாடை வந்தது. சமையல்காரர் ஒரு காயைத் தூக்கினார், விரல் உள்ளே போயிற்று. அடுத்ததும் அப்படியே. நோயாளிகளுக்கு அன்று வெறும் கஞ்சிதான். அந்தக் கடையை இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று மேலாளர் சொன்னார். பெரியம்மா தலையாட்டினாள். ஏமாந்துவிட்டோமே என்ற கொதிப்பில் அழுகல் காய் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தாள்.

கடையில் நல்ல கூட்டம். காயைப் பலகைமேல் பொத்தென்று வைத்தாள்.

“அழுகலையெல்லாம் என் தலையில கட்டிட்டியே. இத்தனை வருஷம் உன்கிட்டயே வாங்கினதுக்கு இதுதான் மரியாதையா?”

கடைக்காரி பதறவில்லை. காயைத் திருப்பிக் காட்டினாள். பிறை மாதிரி ஒரு கீறல். அழுகல் அதில் தொடங்கிச் சுற்றிலும் பரவியிருந்தது.

“கட்டைவிரலை இதுல வைங்கக்கா.”

ஏன் வைத்தோம் என்று பெரியம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. அளவெடுத்துத் தைத்ததுபோல நகம் அதில் பொருந்தியது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

கடைக்காரி பலகைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வாயைப் பிரித்தாள். உள்ளே இருந்த காய்களிலெல்லாம் பிறைகள். சில ஆழமானவை, சில மெல்லிய நகங்கள் போட்டவை.

“வாங்காம வச்சுட்டுப் போறீங்களே, அந்தக் காய் அப்புறம் என்ன ஆகும்னு என்னைக்காவது நினைச்சுப் பாத்திருக்கீங்களா? எங்க வீட்ல வாரம் முழுக்க இதான். பூசணின்னாலே புள்ளைங்க எழுந்து ஓடுதுங்க. நீங்க ஒருத்தர்னா பொறுத்துக்கலாம். இப்ப உங்க தெருவே வந்து கீறுது. கேட்டா, டாக்டரம்மா சொல்லிக் குடுத்தாங்கன்றாங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.” என்றாள் பெரியம்மா.

“நாலு பேர் நிக்கும்போது பெரியவங்களை எப்படிக்கா சொல்றது?”

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதே நாலு பேருக்கு முன்னால் தான் என்ன பேச்சுப் பேசினோம் என்று நினைத்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அழுகல் காயை மறுபடி பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள்.

வழியெல்லாம் ஒரு நினைப்பு கூடவே வந்தது. மேலாளர் கடையைத்தானே குறை சொல்கிறார். வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை நிலைக்கும், கடைக்காரியின் வியாபாரம் மட்டும் போகும். சமையலறையின் பின்வாசலில், பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டபடி வெகுநேரம் நின்றாள். பிறகு உள்ளே போய், கடைமேல் தப்பில்லை, கீறியது என் நகம் என்று சொல்லிவிட்டாள். மேலாளர் திட்டவில்லை. “சரிங்கம்மா” என்றார். அடுத்த மாதத்திலிருந்து சமையல்காரரே காய் வாங்கிக்கொள்வார் என்றார். கடையை நிறுத்தவில்லை.

பல நாள் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போனாள். ஒரு காலையில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கடைக்காரி முன்னால் போய் நின்று, கீறாமல் எப்படிப் பார்ப்பது என்று கேட்டாள். காம்பு காய்ந்து கட்டையாக இருக்க வேண்டும், தோல் பளபளக்கக் கூடாது, தரையில் கிடந்த பக்கம் மஞ்சள் ஏறியிருக்க வேண்டும், கையில் தூக்கினால் பார்வைக்குத் தெரிவதைவிடக் கனக்க வேண்டும் என்று கடைக்காரி காட்டினாள். பிசினா, அது கீறினால் எந்தக் காயிலும்தான் வரும் என்றாள். அப்படியானால் இத்தனை வருஷமும் நல்ல காயைக் கண்டுபிடித்தது தூக்கிப் பார்த்த கைதான். நகம் சும்மா ஜம்பத்துக்கு. இதை நினைத்து நினைத்துப் பெரியம்மா இன்னும் கூசிப்போகிறாள்.

இப்போது தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு கிழிசல் தைக்கிறாள். சாயங்காலமானால் வீடு வீடாகப் போய், நான் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடுங்கள் என்கிறாள். சிலர் கேட்கிறார்கள். சிலர் டாக்டரம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று சிரிக்கிறார்கள். அவளுக்குத் தெரியாத தெருக்களிலெல்லாம் அந்தப் பழக்கம் பரவிவிட்டது. அவளால் அங்கெல்லாம் நடந்து போக முடியாது.

ஆகவே இதைப் படிக்கிறவர்கள், காய் வாங்கப் போகிற நாலு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவள் பட்ட வெட்கத்தையும் விடாமல் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டுச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்று பெரியம்மாவே சொன்னாள்.