ஆரஞ்சு வரிசை

ஹெட்டி கணவனின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை இரண்டு தடவை தேய்த்தாயிற்று. மூன்றாவது தடவைக்கு அவசியமே இல்லை. வில்ஃபிடம் சொல்லவேண்டியதைத் தள்ளிப்போட அது ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

சிறையிலிருந்து வந்து ஒன்றரை வருஷமாக வேலை, வீடு என்றே கிடந்தவன், இன்று தானாகவே மதியக் காட்சிக்குப் போகலாம் என்றிருந்தான். திருடப் போய்ச் சொதப்புகிறவர்களைப் பற்றிய படம். லண்டனில் அவர்கள் குடியிருந்த பெர்மாண்ட்ஸி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எங்கள விடவா சொதப்பிடுவானுங்க? பாத்துடலாம்," என்றான் வில்ஃப், ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி.

அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோவில்தான் ஹெட்டி பதினோரு வருஷமாக டீ வண்டி தள்ளுகிறாள். நடிகனோ தச்சனோ, யாருக்கு டீ கெட்டியாக, யாருக்குப் பால் தூக்கலாக என்பது அவளுக்கு அத்துப்படி. வில்ஃப் உள்ளே இருந்த பத்து மாதமும் அவள் ஒருநாள்கூட லீவு போடவில்லை. யாராவது வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சை இழுத்தால், அவர்கள் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். அப்படித்தான் அவன் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள்.

வில்ஃபின் கூட்டாளிகள் இருவர் கடிகாரக் கடைக்குள் திருடப் புகுந்தார்கள். காவலுக்கு இருந்த வில்ஃப், சந்தேகம் வரக்கூடாதென்று பக்கத்தில் பூட்டிக் கிடந்த காய்கனிக் கடை வாசலில் நின்றான். ரேஷன் காலம். காலங்காத்தாலே கடை வாசலில் ஒருவன் சும்மாவா நிற்பான்? கூடையோடு ஒருத்தி பின்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கால் மணி நேரத்தில் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஒழுங்குபடுத்தப் போலீஸ்காரரே வந்துவிட்டார். பெட்டியோடு வெளியே வந்த இருவரையும், நடுவில் நுழையப் பார்க்கிறார்கள் என்று பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் போய் நிற்கச் சொன்னார் போலீஸ்காரர். அவர்களும் மறுபேச்சில்லாமல் போய் நின்றார்கள். எட்டு மணிக்குப் பெட்டிக்குள் அலாரம் அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் வில்ஃபைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீ வண்டியைச் சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். படங்களுக்குக் கதை எழுதுகிறவர் ஒருவர் மட்டும் இரண்டாவது கோப்பை வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

ஹெட்டி சட்டையை நீட்டினாள். "வில்ஃப், அந்தப் படத்துல வந்து..."

"கதையச் சொல்லிடாத," என்று வாங்கிக்கொண்டான்.

கொட்டகையில் வரிசைக் காட்சி வந்ததும் அவள் திரையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். முதலில் திடுக்கிட்டான். பிறகு எல்லோரோடும் சேர்ந்து, தோள் குலுங்க, அவனும் சிரித்தான். அவளுக்கு மூச்சு வந்தது. அப்போது படத்தில் கூடைக்காரி கேட்டாள், என்ன கொடுக்கப் போகிறார்கள் என்று. காவலுக்கு நின்றவன் திருதிருவென்று விழித்துவிட்டு, ஆரஞ்சு என்றான்; என் பெண்டாட்டிக்கு ஆசை என்றான். கொட்டகை அதிர்ந்தது. வில்ஃபின் சிரிப்பு நின்றுவிட்டது.

வீடு வந்தார்கள். அடுக்களையில் அவள் டீ ஊற்றும்போதுதான் வாயைத் திறந்தான்.

"கியூ நின்னத ஊரே பாத்துச்சு. கோர்ட்டுல ஜட்ஜே சிரிச்சாரு. ஆனா ஆரஞ்சுன்னு நான் சொன்னது... ஜெயிலுக்கு நீ பாக்க வந்தன்னிக்கு, உன்கிட்ட மட்டும்தான சொன்னேன், ஹெட்."

"ஆமா." அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். "மத்தத மட்டும் சொன்னா, வெறும் மடையனக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சிருப்பாங்க. அதையும் சேத்துச் சொன்னேன்."

அவன் கோப்பைக்குள் கரண்டியைச் சுழற்றினான்.

"அவன் தொப்பி போட்டிருந்தான். எனக்குத் தொப்பி ஏது? நீ பின்னுன மப்ளர்தான் போட்டிருந்தேன்."

"அத நான் சொல்லலையே."

"ம்."

"கோவமா, வில்ஃப்?"

அவன் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனான். அங்கிருந்து திரும்பி வந்து, அவளுடையதையும் எடுத்துக்கொண்டு, முன்னறைக்குப் போய், கணப்புக்கு முன்னால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.